ஏழு முக்கோணங்கள் தீர்த்து வைத்த சிக்கல்

எம்.எஸ்சி. கணிதம் படிக்க அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போய்வந்த காலம். யூக்ளிட் அல்லாத வடிவியலில் மிகைவளையத் தளம் (hyperbolic plane, எங்கும் குதிரைச் சேணம் மாதிரி வளைந்த பரப்பு) வந்ததும் திணறிவிட்டேன். அந்தத் தளம் முழுவதையும் ஒரு வட்டத்துக்குள் காட்டும் பாயின்கேர் வட்டில் வில்லாக வளைத்து வரைந்துவிட்டு அதை நேர்கோடு என்றால் மனம் எப்படி ஒப்பும்? இந்த வடிவியலைக் கணித அறிஞர்கள் லோபசெவ்ஸ்கி 1829-இலும் போயாய் 1832-இலும் வெளியிட்டதை 'வரலாறு' என்று மனப்பாடம் செய்ததோடு சரி.

ஒருநாள் பழைய காலண்டர் அட்டையில் ஒரே அளவில் சமபக்க முக்கோணங்களை வெட்டினேன். ஒரு முனையில் ஆறு சேர்ந்தால் தட்டையாகப் படியும், ஐந்து என்றால் குவியும். ஒவ்வொரு முனையிலும் ஏழு வருமாறு டேப் ஒட்டிக்கொண்டே போனேன். அட்டை படியவே மறுத்து, வாசலில் நின்ற கோழிக்கொண்டைப் பூ மாதிரி மடிப்பு மடிப்பாக நெளிந்தது!

அப்புறம் அடுத்தடுத்த இரண்டு முக்கோணங்களை மட்டும் தட்டையாக அமுக்கி, ஸ்கேல் வைத்துக் கோட்டை நீட்டினேன். கோடு நேராகத்தான் போனது, வளைந்தது தளம். ஒரே கோட்டுக்குச் செங்குத்தாகக் கிளம்பிய இரண்டு கோடுகள் போகப் போக விலகின. இணைகோடுகள் விலகாமல் ஒரே இடைவெளியில் போகும் என்பதற்கு அடிப்படையான யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள் கண்ணெதிரே உடைந்தது.

ஏழு கூடும் முனை ஒன்றை உள்ளே வைத்து ஒரு பெரிய முக்கோணம் வரைந்தேன். முனையைச் சுற்றி 420 பாகை, வழக்கமான 360-ஐ விட 60 அதிகம். ஆகவே கோணங்களின் கூடுதல் 180-இல் 60 குறைந்து 120 வர வேண்டும். பாகைமானியில் 121 வந்தது, ஒட்டியதில் பிசகு. அன்று ராத்திரியே பாயின்கேர் வட்டைத் திரும்ப எடுத்து உட்கார்ந்தேன்.