பெயர்க் கட்டத்திலேயே தடுக்கி விழும் படிவங்கள்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். காப்பீட்டைப் புதுப்பிப்பதற்கான படிவத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். முதல் பெயரை நிரப்பிவிட்டார். அடுத்தது குடும்பப் பெயர், பக்கத்தில் கட்டாயம் என்று சொல்லும் சிவப்பு நட்சத்திரம். "குடும்பப் பெயருக்கு நான் எங்கே போவேன் தம்பி?" என்றார். இனிஷியலைப் புள்ளியோடு போட்டார். சிறப்புக் குறி கூடாது என்றது. புள்ளியை எடுத்தார், குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்றது. கடைசியில் தந்தையின் பெயரை முழுதாக எழுதினார். படிவம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது. நான்கு நாள் கழித்து, ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

இணையதளத்தின் அழகைப் பேசுகிறவர்கள் முகப்புப் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஆள் அலுத்துப்போய்த் திரும்புவது படிவத்தில். திரை வடிவமைப்பில் இருக்கும் நானும் இந்தப் பெயர்த் தவற்றைச் செய்தவன்தான். வேறு ஊர் வழக்கத்துக்குச் செய்த அச்சை அப்படியே எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, இந்தக் காலிக் கட்டத்தின் கனம் பலருக்குத் தெரிந்தது. பெயரை இரண்டாகப் பிரிக்கத் தவிர்க்க முடியாத காரணம் இல்லையென்றால், 'முழுப் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி' என்று ஒரே கட்டம் போதும். புள்ளியையும் இடைவெளியையும் அது ஏற்க வேண்டும்.

தமிழில் பெயர் எழுதச் சொல்லும் படிவங்களில் இன்னொரு கூத்து உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்துக் கணினியில் வைக்கும் யுனிகோடில் 'தமிழ்' என்பது மூன்று எழுத்தல்ல. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினி நினைவின் சிறு அலகு) பிடிக்கும், ஆக 15 பைட். பைட்டை எண்ணி '30 வரை' என்று வரம்பு வைத்தால் பத்துக் குறியீட்டிலேயே பெயர் முடிந்துவிடும். அதைவிட மோசம், 'எழுத்துகளை மட்டும் ஏற்றுக்கொள்' என்று நிரலில் எழுதிவிட்டு, துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யுனிகோடில் 'எழுத்து' என்பதில் சேராத தனி வகை என்பதை மறந்துவிடுவது. அந்தப் படிவத்தில் 'கமல' செல்லும், 'கமலா' செல்லாது. சோதித்தவர் ஆங்கிலப் பெயரை மட்டும் அடித்துப் பார்த்திருப்பார்.

பொத்தான்களிலும் இதே கதை. ஆங்கிலத்தில் ஆறெழுத்துச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் 'சமர்ப்பிக்கவும்' நுழையாது. 'சமர்ப்பி…' என்று நின்றுவிடும். பொத்தானை அகலப்படுத்தலாம். நானாக இருந்தால் 'அனுப்பு' என்று எழுதிவிடுவேன்; யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல்லைப் பொத்தானில் ஏன் வைக்க வேண்டும்? வரி உயரத்தையும் பாருங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் 'கீ'யின் சுழி மேலே வெட்டுப்படும், 'சூ'வின் கால் கீழே வெட்டுப்படும்.

கட்டத்துக்குள்ளேயே 'கைப்பேசி எண்' என்று மங்கலாக எழுதி வைப்பது பார்க்கச் சுத்தமாக இருக்கும். தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். நடுவில் தொலைபேசி வந்து, பேசிவிட்டுத் திரும்பியவருக்கு, எந்தக் கட்டத்தில் எதை எழுதினோம் என்பதே தெரியாது. தலைப்பு கட்டத்துக்கு மேலே, மறையாமல் இருக்க வேண்டும். வெளிர்சாம்பல் எழுத்து வெயிலில் தெரியவும் தெரியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்கான இணைய அணுகல் வழிகாட்டுதல்களில் நெடுநாளாக உள்ள விதி.

பிறந்த தேதிக்கு நாள்காட்டியைத் திறப்பது எனக்கு ஆகவே ஆகாது. அது இந்த மாதத்தில் திறக்கும். எழுபது வயதுக்காரர் மாதம் மாதமாகப் பின்னால் போக 840 முறை அம்புக்குறியைத் தட்ட வேண்டும். ஆண்டைத் தட்டினால் பட்டியல் விரியும் என்பார்கள். தட்டலாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பயண டிக்கெட்டுக்கு நாள்காட்டி சரி, கிழமை பார்க்க வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என மூன்று சிறு கட்டங்கள் போதும். பிரிட்டன் அரசுத் தளங்கள் அப்படித்தான் கேட்கின்றன. 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பமும் ஒழியும்.

'தவறான உள்ளீடு' என்பதைப் போல உதவாத வாக்கியம் வேறில்லை. எது தவறு, எப்படித் திருத்துவது என்று அந்தக் கட்டத்தின் கீழேயே சொல்ல வேண்டும். கைப்பேசி எண்ணின் நடுவில் இடைவெளி விட்டதற்கும், முன்னால் +91 போட்டதற்கும் ஆளைத் திட்டக் கூடாது. ஒரு வரி நிரலில் கணினியே நீக்கிக்கொள்ளும். கடவுச்சொல்லுக்குப் பெரிய எழுத்தும் எண்ணும் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் பிழை என்பதற்காக நிரப்பிய பதினைந்து கட்டங்களையும் அழித்துவிடும் படிவங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் நடை கெட்டுவிடும், விட்டுவிடுகிறேன்.

ஓடிபி படிக்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால், பக்கம் புதிதாகத் திறந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து கேட்கும் செயலிகள் இன்னும் இருக்கின்றன. நகலெடுத்த எண்ணை ஒட்டவிடாமல் தடுப்பதைப் பாதுகாப்பு என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். உள்நுழைவில் மனப்பாடமோ பார்த்தெழுதுவதோ மட்டுமே ஒரே வழியாக இருக்கக் கூடாது என்று 2023 அக்டோபரில் வந்த அணுகல் வழிகாட்டுதலின் 2.2 பதிப்பு சொல்கிறது. அதே பதிப்பு, தொடுமிடத்துக்கு 24 பிக்சலைக் குறைந்த அளவாக வைக்கிறது. தத்தம் திரை அளவுக் கணக்கில் ஆப்பிள் 44 புள்ளியும் கூகுள் 48 அலகும் பரிந்துரைக்கின்றன, பெரியதையே எடுங்கள். 'அனுப்பு'வை ஒட்டி 'அழி'யை வைக்காதீர்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வடிவமைத்தவரின் புதுக் கைப்பேசியில் பார்க்காமல், திரை கீறல் விழுந்த பழைய கைப்பேசியில், வெளிச்சமான திண்ணையில் உட்கார்ந்து ஒருவரை நிரப்பச் சொல்லுங்கள். நான்கைந்து பேர் போதும். பக்கத்தில் உட்காருங்கள், விரலை நீட்டிக் காட்டாதீர்கள். "இது என்ன கேட்கிறது?" என்று அவர் கேட்டால் பதில் சொல்லாமல், எந்தக் கட்டத்தில் கேட்டார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.