வீட்டு வாசலில் நின்றபடி டோக்கன் கொடுக்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனுடன் மதுரை ஆனையூர்ப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். மூன்று சென்ட் இடம், கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று, வாசலில் நல்ல வேப்பமரம். பார்த்தவுடன் அவனுக்குப் பிடித்துவிட்டது. செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று நான் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள், வாசலில் நின்றபடியே புரோக்கருக்குச் செல்போனில் ஐம்பதாயிரம் முன்பணம் அனுப்பிவிட்டான்.

"சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்களாம் மாமா. அதான் டோக்கன் போட்டுட்டேன்."

2011இல் இதே வார்த்தையை நம்பி நானும் டோக்கன் கொடுத்தேன். அதற்கப்புறம் இரண்டு வீடு வாங்கியாயிற்று. சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று பலருக்குத் துணையாகப் பத்திர ஆபீசுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைந்தாயிற்று. புதிதாக வீடு வாங்குகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது ஓரளவு தெரியும். சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனையைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உரிமையாளரைப் பார்க்காமல் பணம் கொடுப்பது

நான் செய்தது இதுதான். திருநகர்ப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு, விலை 22 லட்சம் பேசினார்கள். ஓனர் குடும்பம் சென்னையில் இருக்கிறது, இரண்டு பையன்களும் சம்மதித்துவிட்டார்கள், பேப்பரெல்லாம் கிளீன் என்றார் புரோக்கர். முப்பது வருட வில்லங்கச் சான்றிதழின் ஜெராக்ஸையும் காட்டினார். ஒரு அடமானம்கூட இல்லை. டீக்கடை பெஞ்சில் வைத்து ஒரு லட்சத்தை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். அரைத்தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, "வீடு வகையில் அட்வான்ஸ் ரூ.1,00,000 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஓனர் பெயர் இல்லை, கதவு எண் இல்லை. கிரயம் முடியாவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்று ஒரு வரியும் இல்லை.

மூன்று வாரம் கழித்து வக்கீலிடம் போனேன். பத்திரத்தைப் புரட்டிவிட்டு அவர் முதலில் கேட்டது, "இவர் உயிரோட இருக்காரா?" இல்லை. வீடு அப்பா பெயரில் இருந்தது, அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். அதில் நான்கு பெயர்: மனைவி, இரண்டு மகன்கள், திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். வீடு விலை பேசிய விஷயமே அந்த மகளுக்குத் தெரியாது.

புரோக்கரைக் கேட்டேன். "அந்தப் பொண்ணுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு சார். அவங்க கேக்க மாட்டாங்க" என்றார். அதாவது மகள் இருப்பது அவருக்கு முதல் நாளே தெரியும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாதது இதுதான். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஓர் இந்து ஆண் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவரும், எல்லோருக்கும் சம பங்கு. 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் ஆனதா, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுக்க 2005இலும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குப் பங்கு இல்ல" என்று சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிற புரோக்கர்களை இன்றும் பார்க்கிறேன். நம்பாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்கு விகிதச் சட்டம் வேறு, ஆனால் அங்கேயும் மகளுக்குப் பங்கு உண்டு.

வில்லங்கத்தில் இது ஏன் தெரியவில்லை என்று அன்று எனக்குப் புரியவில்லை. வில்லங்கச் சான்றிதழில் வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான். ஒருவர் இறந்தது அதில் ஏறாது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் ஏறாது. பதிவு செய்யாத உயிலும் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும் அப்படித்தான். வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்பதும் சொத்து சுத்தமாக இருக்கிறது என்பதும் வேறு வேறு.

அந்த மகளை வக்கீல் அலுவலகத்தில் ஒரே ஒரு முறை பார்த்தேன். கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்திருந்தார். "விக்கக் கூடாதுன்னு நான் சொல்லலீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். அவர் கேட்ட கால் பங்கைக் கொடுக்க அண்ணன்மார் தயாராக இல்லை. வியாபாரம் நின்றது. அவர் மீது எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.

என் பணத்தைப் பெரிய மகனிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார் புரோக்கர். அறுபதாயிரம்தான் வந்தது என்றார் பெரிய மகன். எட்டு மாதம் நடந்து, அந்த அறுபதாயிரத்தை இரண்டு தவணையில் வாங்கினேன். நாற்பதாயிரம் போனது போனதுதான். அதற்குள் வங்கி கொடுத்த கடன் அனுமதியும் காலாவதியாகிவிட்டது.

இப்போது நான் யாருடன் போனாலும் கேட்கிற முதல் கேள்வி, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா? இல்லை என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கைக்கு வரும்வரை பத்து ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு வேண்டாம் என்கிறவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரட்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் நகராதீர்கள்.

டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு தொகையாக, உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். பத்திரத்தில் குறை தெரிந்தால் இத்தனை நாளுக்குள் முழுப் பணமும் திரும்பும் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். சொத்து விற்பனைக்கு ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டமும் 2015 முதல் தடுக்கிறது. பெரிய தொகை கைமாறும் முன் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். "செலவு எதுக்கு சார், வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கலாம்" என்று புரோக்கர் சொல்வார். பதிவு செய்தால்தான் உங்கள் ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும். அதே வீட்டை இன்னொருவருக்கு விற்கப் பார்த்தால் அவர் கண்ணில் படும்.

புரோக்கர் கூட்டி வரும் வக்கீல்

வேண்டாம். உங்கள் வக்கீலுக்கு நீங்களே பணம் கொடுங்கள்.

கமிஷனைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்பது

எங்கள் பக்கம் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று கேட்பார்கள். எவ்வளவு, எப்போது, எத்தனை பேருக்கு என்பதை முதல் வீடு பார்க்கும் முன்பே பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்திரப் பதிவு அன்று, "நான்தான் முதல்ல சொன்னேன்" என்று மூன்று பேர் வந்து நிற்பார்கள். பதிவு முடிந்து சாவி கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.

இன்னொன்று, விலையை ஓனர் வாயால் கேளுங்கள். கூட வேலை பார்த்த ஒருவர் 48 லட்சத்துக்கு முடித்தார். ஓனர் கேட்டது 45 என்பது அவருக்குத் தெரிந்தபோது பணம் பைசல் ஆகியிருந்தது.

நல்ல புரோக்கர்களும் இருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2014இல் எனக்கு வீடு முடித்துக் கொடுத்தவர், அதற்கு முன் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போய், "இது வேணாம் சார், மாடிப்படி ஒண்ணரை அடி பக்கத்து இடத்துல நிக்குது" என்று அவரே தடுத்தார். கமிஷனே போனாலும் பரவாயில்லை என்று சொன்ன மனிதர். அவருக்கு ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தேன்.

பவர் ஏஜென்ட்

தன் சார்பில் வீட்டை விற்க இன்னொருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்தது. பவர் கொடுத்த உரிமையாளரிடம் வீடியோவிலாவது நேரடியாகப் பேசாமல் மேலே போகாதீர்கள்.

புது ஃபிளாட்டுக்கு ரெரா எண் கேட்காதது

ரெரா என்பது ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு. அதில் பதிவான திட்டத்தில் வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட்டும் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் பத்து சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. தனி ஆள் விற்கிற பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அங்கே உங்கள் வக்கீல்தான்.

பதிவுச் செலவை மறப்பது

புரோக்கர் வீட்டு விலையை மட்டும்தான் சொல்வார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சம் என்றால் நாலரை லட்சம். இதைக் கையில் தனியாக வைத்திருங்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவது

கூடாது.

ஒரே தடவை, புரோக்கர் வசதிக்குப் போய்ப் பார்ப்பது

மழை பெய்த மறுநாள் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை, தனியாகப் போங்கள். எங்கள் ஊரில் பழைய கண்மாய் ஓரமாக எழும்பிய நகர்கள் நிறைய. தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லிவிடுவார்.

அக்கா மகனிடம் அன்று ராத்திரியே புரோக்கருக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

"பெரியவர் பேர்ல தம்பி. அவர் இப்ப இல்ல. பசங்க ரெண்டு பேரும் சம்மதிச்சிட்டாங்க."

வாரிசுச் சான்றிதழ் கேட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை.