பணம் புறப்பட்ட நாளே வட்டியும் புறப்படும்: கல்விக்கடனை எடுப்பதும் அடைப்பதும்

படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து என் கடனுக்கு முதல் ஸ்டேட்மெண்ட் வந்தது. அப்பாதான் உறையைப் பிரித்தார். நான்கு வருடத்துக்கு நான் வாங்கியது 5,00,000. தாளில் ‘நிலுவை’ என்ற சொல்லுக்கு நேராக 6,75,000 என்று இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “நீ வாங்கினது அஞ்சுதானேம்மா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கடன் எடுக்கப் போகிறவர்களும், எடுத்துவிட்டுத் தவணையைப் பார்த்து மலைத்து நிற்கிறவர்களும் படிக்க வேண்டும். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களாகவே எழுதியிருக்கிறேன்.

அந்த 1,75,000 எங்கிருந்து வந்தது?

என் கடனுக்கு வருடத்துக்கு 10 சதவீத வட்டி. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 1,25,000 கல்லூரிக்குப் போனது. படிக்கும் நான்கு வருடமும், முடித்த பின் ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. இதைச் சலுகைக் காலம் என்பார்கள். தவணைக்குத்தான் சலுகை, வட்டிக்கு இல்லை. முதல் வருடம் போன பணத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாம் வருடத்துக்கு நான்கு, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. வருடத்துக்கு 12,500 வீதம் பதினான்கு முறை. 1,75,000 வந்துவிட்டதா?

அது தனி வட்டியாக நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சலுகைக் காலம் முடிந்த அன்று அது அசலோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு வட்டிக்கும் வட்டி. பத்து வருடத் தவணையில் மாதம் 8,920 கட்டச் சொன்னார்கள். முதல் மாதம் கட்டிய 8,920-இல் 5,625 வட்டிக்கே போனது, அசலில் கழிந்தது 3,295 மட்டும். முதல் இரண்டு வருடம் கட்டிக்கொண்டே இருந்தும் கடன் அசையவில்லை என்று பலர் மனம் உடைவது இதனால்தான். கணக்கு அப்படித்தான் ஓடும். நாளாக ஆக வட்டிப் பங்கு குறைந்து அசல் பங்கு கூடும்.

என் தம்பி கல்லூரியில் சேர்ந்தபோது இதே தொகை, இதே வட்டிக்குத்தான் கடன் எடுத்தோம். இந்த முறை படிக்கும்போதே வட்டியைக் கட்டினோம். முதல் வருடம் மாதம் 1,042 போதும். வருடத்துக்கு வருடம் ஏறி, நான்காம் வருடம் மாதம் 4,167 ஆனது. முதல் இரண்டு வருடம் நான் கட்டினேன். பிறகு அவன் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஒரு பங்கு போட்டான். சலுகைக் காலம் முடிந்தபோது அவன் நிலுவை சரியாக 5,00,000. தவணை 6,608. மொத்தத்தில் அவன் கட்டுவது என்னைவிடச் சுமார் 1,02,500 குறைவு. முழு வட்டியைக் கட்ட முடியாவிட்டால் பாதியாவது கட்டுங்கள். கட்டும் ஒவ்வொரு காசும் அசலில் ஏறாமல் தப்பிக்கிற காசு. கடன் கொடுத்தவரிடம், “இது வட்டிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறதா?” என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எடுக்கும் முன்பு

எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்காமல், எவ்வளவு வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். நான் 80 பக்க நோட்டு ஒன்றை இதற்கென்றே வைத்திருந்தேன். கல்லூரிச் சிற்றேட்டில் இருக்கும் படிப்புக் கட்டணம் பாதிக் கதைதான். தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், லேப்டாப், ஊருக்குப் போய்வரும் செலவு, கடைசி வருட புராஜெக்ட், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் வருடவாரியாக எழுத வேண்டும். இரண்டாம் வருடக் கட்டணம் முதல் வருடத்தைவிடக் கூடுமா என்று கல்லூரியிலேயே எழுத்தில் கேளுங்கள். அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரிடம் நோட்டைக் காட்டினால், நீங்கள் விட்டுவிட்ட இரண்டு மூன்று செலவுகளை உடனே சொல்லிவிடுவார்.

பிறகு இன்னொரு பக்கத்தில், வேலைக்குப் போனால் கைக்கு வரும் சம்பளம். கல்லூரி விளம்பரப்படுத்தும் உச்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு வருடம் முன்பு முடித்தவர்களில் நடுத்தரமாகப் படித்த நாலு பேரிடம் கேளுங்கள். தவணை அந்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும் என்பது என் கணக்கு. 8,920 தவணை என்றால் கைக்கு 44,600 வர வேண்டும். அடங்கவில்லை என்றால் கட்டணம் குறைந்த கல்லூரி, வீட்டிலிருந்தே போய்வரும் வசதி, உதவித்தொகை இவற்றைத் தேட வேண்டிய நேரம் அதுதான். கையெழுத்துப் போட்ட பிறகு தேடிப் பயனில்லை.

உதவித்தொகை கிடைத்தால் அதன் நிபந்தனையைப் படியுங்கள். பல உதவித்தொகைகள் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியவை. மதிப்பெண் ஒரு அளவுக்குக் கீழே போனால் நின்றுவிடும். அடுத்த வருடத்துக்கு அதையே நம்பியிருந்தால் நடுவழியில் இடிக்கும்.

கடன் அனுமதியானாலும் முழுத்தொகையையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். செமஸ்டருக்கு செமஸ்டர், தேவையான அளவு எடுத்தால் போதும். எடுக்காத பணத்துக்கு வட்டி கிடையாது. ஆனால் பணம் வர நாளாகும். கல்லூரி கட்டணத்துக்குக் கடைசித் தேதி வைக்கும், கடன் கொடுப்பவர் தன் வேகத்தில்தான் அனுப்புவார். கட்டண அறிவிப்பு வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். நான் ஒரு முறை பத்து நாள் தாமதித்துக் கொடுத்து, அபராதத்தைக் கையிலிருந்து கட்டினேன்.

ஒப்பந்தத்தில் நான்கு இடத்தை மட்டுமாவது விரல் வைத்துப் படியுங்கள்: வட்டி நிலையானதா மாறுவதா, சலுகைக் காலம் முடியும் தேதி, முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா, தவணை தவறினால் என்ன அபராதம். ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரும் உங்களோடு உட்கார்ந்து படிக்கட்டும். நீங்கள் தவறினால் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் அவருடைய கடன் மதிப்பெண்ணும் சேர்ந்தே கெடும்.

கட்டத் தொடங்கிய பிறகு

சம்பளம் வரும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, தவணை தானாகப் பிடித்துக்கொள்ளப்படும்படி வையுங்கள். மாதக் கடைசியில் வைத்தால் பணம் மிஞ்சியிருக்காது.

தவணை கனமாகத் தெரிகிறதென்று காலத்தை நீட்டச் சொல்வதற்கு முன் ஒரு முறை பெருக்கிப் பாருங்கள். என் கடனைப் பதினைந்து வருடமாக நீட்டினால் தவணை 7,254. மாதம் 1,666 மிச்சம். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தத்தில் சுமார் 2,35,000 கூடுதலாகப் போயிருக்கும். வேறு வழியே இல்லாதபோது நீட்டுங்கள், நிலைமை சரியானதும் கூடுதலாகக் கட்டிச் சுருக்குங்கள்.

மாறும் வட்டி என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வட்டி ஏறும்போது பெரும்பாலும் தவணைத் தொகை மாறாது, காலம் நீண்டுவிடும். நீங்கள் வழக்கம்போல் கட்டிக்கொண்டிருப்பீர்கள், தெரியவே தெரியாது. என் கடனில் வட்டி 10-லிருந்து 11 ஆகியிருந்தால், அதே 8,920-க்கு 120 மாதம் 130 மாதமாகியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ‘மீதமுள்ள தவணைகள்’ என்ற எண்ணைப் பார்த்துக் குறித்துவையுங்கள். ஆறு கழிந்திருக்கிறதா என்பதுதான் சோதனை.

இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கட்டத் தொடங்கி ஒரு வருடம் ஆனபோது போனஸும் சேமிப்புமாக 50,000 சேர்ந்தது. மகிழ்ச்சியாகக் கொண்டுபோய்க் கட்டினேன். ரசீது வந்தது. அடுத்த மாதம் கணக்கில் 8,920-க்குப் பதில் 8,216 பிடித்திருந்தார்கள். தவணை குறைந்ததே என்று நல்லதாகத்தான் நினைத்தேன். இரவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. கூடுதல் பணம் கட்டும்போது இரண்டு வழி உண்டு. தவணையைக் குறைத்து காலத்தை அப்படியே வைக்கலாம், அல்லது தவணையை அப்படியே வைத்து காலத்தைக் குறைக்கலாம். முதல் வழியில் எனக்கு மிஞ்சுவது சுமார் 26,000. இரண்டாவது வழியில் 13 தவணை குறைந்து, சுமார் 66,000 மிஞ்சும். அதே 50,000-தான். என்னைக் கேட்காமலே முதல் வழியில் போட்டிருந்தார்கள். மறுநாளே எழுதிக் கொடுத்தேன்: “தவணைத் தொகை 8,920 ஆகவே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்.” மாற்ற இரண்டு மாதம் ஆனது. நீங்கள் கூடுதல் பணம் கட்டும் அன்றே இந்த வரியை எழுதிக் கொடுத்து, கையெழுத்திட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு மேல் கடன் இருந்தால் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிவிட்டு, மிஞ்சுவதை வட்டி அதிகமுள்ள கடனில் போடுங்கள். சிறிய கடனை முதலில் முடித்தால் மனதுக்குத் தெம்பு என்பவர்களும் உண்டு. தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் வட்டிக் கணக்கு முதல் வழிக்குத்தான் சாதகம். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் முதலில்.

கூடுதலாகக் கட்டு என்று நான் சொல்வது எல்லாக் கல்விக்கடனுக்கும் பொருந்தாது. சில நாடுகளில் எவ்வளவு திருப்பிக் கட்டுவது என்பது வருமானத்தைப் பொறுத்தது. ஆஸ்திரேலியா 1989-இல் தொடங்கிய முறை அது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். இங்கிலாந்தில் 2023 முதல் படிக்கச் சேர்ந்தவர்களுக்கு, வரம்புக்கு மேல் உள்ள வருமானத்தில் 9 சதவீதம் பிடிப்பார்கள், 40 வருடத்துக்குப் பின் மீதி தள்ளுபடி. அமெரிக்காவில் பொதுச்சேவைப் பணியில் இருப்பவர்கள் தகுதியான 120 தவணை கட்டினால், கூட்டாட்சி அரசுக் கடனின் மீதி தள்ளுபடியாகும் திட்டம் 2007-இல் வந்தது. இப்படிப்பட்ட கடன் என்றால், தள்ளுபடியாகப் போகும் பணத்தை அவசரப்பட்டு முன்கூட்டிக் கட்டுவது நஷ்டமாகலாம். உங்கள் சம்பளப் போக்கில் அது முழுதாக அடையுமா, மிஞ்சுமா என்று முதலில் பாருங்கள்.

வேலை போய்விட்டால்

தவணை தவறிய பிறகு போவதற்கும், தவறும் முன்பே போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. என் தோழிக்கு வேலை போனபோது முதல் மாதமே நிறுவனம் கொடுத்த கடிதத்தோடு போய் நின்றாள். ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டும்படி மாற்றிக்கொடுத்தார்கள். அவளுடைய கடன் வரலாற்றில் கறை விழவில்லை. போனை எடுக்காமல் ஒளிவதால் அபராத வட்டிதான் ஏறும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, நேரில் போய்ப் பேசுங்கள். பேசியதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசித் தவணை

நான் ஏழாவது வருடம் முடித்தேன். ஸ்டேட்மெண்டில் இருந்த நிலுவையைப் பார்த்து அதே தொகையை அனுப்பி, முடிந்தது என்று நினைத்தேன். ஸ்டேட்மெண்ட் தேதிக்கும் நான் கட்டிய தேதிக்கும் இடையில் ஒன்பது நாள் வட்டி மிஞ்சி, சில்லறைத் தொகையாகக் கணக்கு திறந்தே கிடந்தது. அதனால், “இந்தத் தேதியில் கணக்கை முடிக்க எவ்வளவு?” என்று கேட்டு, அந்தத் தொகையை அந்தத் தேதியிலேயே கட்டுங்கள். பிறகு நிலுவை இல்லை என்ற சான்று, கொடுத்துவைத்த அசல் ஆவணங்கள், ஜாமீனிலிருந்து விடுவித்த கடிதம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து, ஒருவர் பெயரில் உள்ள கடன்களையெல்லாம் காட்டும் கடன் அறிக்கையை எடுத்து, ‘முடிக்கப்பட்டது’ என்று பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் பெயரிலும் ஜாமீன் போட்டவர் பெயரிலும் பாருங்கள்.

அப்பாவின் ஜாமீன் கடிதம் மட்டும் வரவில்லை. மூன்று முறை நடந்து வாங்கினேன். அவர் அதையும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து, அந்த முதல் ஸ்டேட்மெண்ட் இருந்த கோப்பிலேயே வைத்தார்.