நாள் தள்ளிப்போகும் முன்பே தைராய்டு மாத்திரைக்கு ஒரு திட்டம்

ஒரு கரு கலைந்த பிறகு மறுபடியும் குழந்தைக்கு முயல்கிற, தினமும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியை. என் முதல் கரு ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. அதன் பிறகு பிறந்த மகள் இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள்.

முதலில் மனத்தை அரிக்கும் அந்தக் கேள்வி. 'ஒரு நாள் மாத்திரையை விட்டதால்தான் போயிற்றா?' இல்லை. தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் என்ற மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒரு வேளை தவறினால் கரு கலைந்துவிடாது. தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. ஆனால் மாதக்கணக்கில் கட்டுப்படாமல் கிடக்கும் தைராய்டு குறைபாடு கருச்சிதைவின் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

கரு கலைந்து ஆறு வாரம் போல ஆனதும் ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு போதாதபோது இது ஏறும்) பாருங்கள். கர்ப்பத்தின்போது அளவைக் கூட்டியிருந்தால், அதே அளவைத் தொடர்வதா, பழைய அளவுக்குத் திரும்புவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லேப் தரும் தாளில் 4 வரையோ அதற்குச் சற்று மேலோ 'இயல்பு' என்றுதான் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கருவுறும் முன்பே 2.5-க்குக் கீழே கொண்டுவருவது நல்லது என்று அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. எனக்கு 3.8 இருந்தபோது தாளில் எந்தக் குறியும் போடவில்லை. மருத்துவர்தான் 50 மைக்ரோகிராமை 75 ஆக்கினார்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால், அடுத்துச் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள். கருவுற்றதும் உடலுக்குத் தைராய்டு ஹார்மோனின் தேவை நாலைந்து வாரத்திலேயே கூடத் தொடங்கிவிடுகிறது. குழந்தையின் தைராய்டு சுரப்பி பன்னிரண்டாவது வாரத்தையொட்டித்தான் வேலையைத் தொடங்கும். அதுவரை முழுக்க நம்முடையதையே நம்பியிருக்கிறது. நம் ஊரில் முதல் பரிசோதனைக்கு எட்டாவது வாரத்துக்கு மேல் போகிறவர்களும் உண்டு. அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. ஆகவே முயற்சி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் போய், 'பரிசோதனையில் இரண்டு கோடு வந்தால் அன்றைக்கே மாத்திரையை எவ்வளவு கூட்டட்டும்?' என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 20 முதல் 30 சதவீதம். எளிய கணக்கு: வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை. எனக்கு ஐந்து நாள் ஒன்று, புதனும் ஞாயிறும் இரண்டு என்று எழுதிக் கொடுத்தார். 75 வீதம் வாரத்துக்கு 525 ஆக இருந்தது 675 ஆனது. இது எனக்கான கணக்கு. இதய நோய் உள்ளவர்களுக்கும் தைராய்டு சுரப்பியையே அகற்றியவர்களுக்கும் கணக்கு வேறு. இரண்டு கோடு தெரிந்த வாரத்திலேயே டி.எஸ்.எச். எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அன்றாடம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் இதற்கு முதல் தடை காப்பி. காப்பி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. "வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகிவிடுமே தாயி, ஒரு வாய் காப்பி குடி" என்று அத்தை தம்ளரோடு வந்து நிற்பார். "ஒரு மணி நேரம் பொறுங்கள் அத்தை, பிறகு நீங்கள் எது கொடுத்தாலும் சாப்பிடுகிறேன்" என்பேன். சில நாளில் அவரே மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் பால் வைத்தார்.

இரண்டாவது தடை, கர்ப்பிணிகளுக்கே தரப்படும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள். இவை தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும்போது இதை யாரும் சொல்லாமல் போகலாம்; நீங்களே கேளுங்கள். என் நேரம் இப்படி: காலை ஐந்தரைக்குத் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், மாலைச் சிற்றுண்டியோடு இன்னொன்று, இரவு படுக்கும் முன் இரும்புச்சத்து. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துக்கும் அதே நான்கு மணி நேரம்தான்.

காலையில் வாந்தி ஓயாதவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து மாத்திரை எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அப்படி மாற்றினால் இரும்பு மாத்திரையைப் பகலுக்கு நகர்த்த வேண்டும். தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று எந்தப் பெயரில் தொடங்கினீர்களோ அதையே தொடருங்கள். கடையில் மாற்றிக் கொடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டப்பாவை அடுப்புப் பக்கமும் சன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள்.

கர்ப்பத்தின் பாதிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு முப்பதாவது வாரத்தையொட்டி ஒருமுறையாவதும் ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை போடும் முன்பே ரத்தம் கொடுங்கள். முடி உதிர்வுக்குப் பயோட்டின் எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அது முடிவைத் திரித்துவிடும். முதல் மூன்று மாதத்தில் கர்ப்ப ஹார்மோனே டி.எஸ்.எச்.-ஐக் கொஞ்சம் கீழே இறக்கும். எண் குறைந்துவிட்டதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பயத்தில் நீங்களாகக் கூட்டவும் வேண்டாம்; அளவு மிஞ்சினாலும் கெடுதல்தான்.

டி.பி.ஓ. எதிர்ப்பொருள் (தன் தைராய்டு சுரப்பிக்கு எதிராக உடலே உண்டாக்குவது) இருக்கிறது, ஆனால் டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கும் மாத்திரை கொடுத்தால் கருச்சிதைவு குறையுமா என்று பிரிட்டனில் 900-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. அவர்களுக்குத் தேவை, அவ்வப்போது டி.எஸ்.எச். பார்த்துக்கொள்வதுதான்.

ரத்தக்கசிவு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் கலக்கத்திலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒன்பதாவது வாரத்தைக் கடக்கும் வரை ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் பயத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். இடையில் ஒரு ஸ்கேன் கூடுதலாக எழுதிக் கொடுத்தார். நீங்களும் கேளுங்கள்.

பிரசவம் ஆனதும் பொதுவாகக் கருவுறும் முன்பிருந்த அளவுக்கே திரும்புவார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த மாத்திரையைத் தயங்காமல் தொடரலாம். வீட்டுக்குக் கிளம்பும் முன், குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தார்களா என்று கேட்டு, முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.