புதுச்சொல்லைக் கேட்டுப் பதிவது எப்படி: தொடங்குவோருக்கான செய்முறை

முதலில் ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலும் குறித்துக்கொள்ளலாம்தான், ஆனால் காரைக்குடிச் சந்தையில் காய்க்காரம்மாவின் முன்னால் அதை நீட்டிக்கொண்டு நின்றால், படம் எடுக்கிறீர்கள் என்று நினைத்து அவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

அடுத்து, காதில் விழுந்த சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த வாக்கியத்தைப் பேசியபடியே முழுதாக எழுதி, நாளையும் இடத்தையும் குறியுங்கள். நான் முதலில் தவறவிட்டது இதைத்தான். 'டேட்டா' என்று மட்டும் எழுதினால் அது வெறும் ஆங்கிலச் சொல். "டேட்டா தீந்துபோச்சு ஆச்சி, அப்புறம் கூப்புடுறேன்" என்று எழுதினால்தான், அரிசியும் எண்ணெயும் போல அதுவும் தீர்ந்துபோகிற பண்டமாகிவிட்டது தெரியும். சார்ஜைப் 'போடுகிறோம்', 'ஏற்றுகிறோம்', மிஸ்டு காலைக் 'கொடுக்கிறோம்', டவுன்லோடையோ 'பண்ணுகிறோம்'. 'பண்ணு' என்ற ஒரே வினையோடு நிற்கும் சொல் இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது, பிற வினைகளும் சேர்ந்த சொல் வீட்டின் உள்முற்றமான வளவுக்குள் வந்துவிட்டது என்பது என் கணிப்பு.

மூன்றாவதாக, அகராதியைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே கிடைக்கிறது. பிறகு இணைய அகராதியான தமிழ் விக்சனரி, தமிழ்நாடு அரசின் சொல் தளமான சொற்குவை. பழைய அகராதியில் இருக்கிறதே என்று எந்தச் சொல்லையும் தள்ளிவிடாதீர்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு இருக்கும் முகப்பு இன்று இணையதளத்துக்கும் இருக்கிறது. வட்டிக்கடைப் பேரேடு, பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் கணக்குமுறையான பிளாக்செயின் பற்றிய கட்டுரைகளிலும் வருகிறது. கணினிக்குள் கணக்கிடும் சில்லைக் குறித்த 'செயலி', கைப்பேசி ஆப்புக்கும் பெயராகிவிட்டது. சொல் பழையது, பொருள் புதியது. இவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

பிறகு காத்திருங்கள். ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூன்று பேரிடமாவது கேட்டபின் சேர்ப்பது நல்லது. வாட்ஸ்அப்பைக் குறிக்கும் 'புலனம்' என்பதை அழைப்பிதழில் படித்திருக்கிறேன், சந்தையில் ஒருமுறையும் கேட்டதில்லை. ஆகவே 'எழுத்தில் மட்டும்' என்று குறித்து வைத்திருக்கிறேன்.

கடைசியாகப் பதிவை எழுதுங்கள். என் குறிப்பேட்டிலிருந்து ஒன்று:

ஜிபே. கூகுள் பே என்ற ஆப்பின் பெயர், பொதுப்பெயரானது. 2016இல் யுபிஐ என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறை வந்தபின் பரவியது. பொருள்: எந்த ஆப் வழியாகவும் பணம் அனுப்புதல். வினை: பண்ணு, போட்டுவிடு. கேட்ட இடம்: செக்காலைச் சாலை, டீக்கடை. வாக்கியம்: "போன்பேதான் இருக்கா? பரவால்லண்ணே, அதுலயே ஜிபே போட்டுவிட்டுருங்க."