லேக் ஃபோர்க்கில் கைடோடு ஒரு நாள்: பாஸ் மீன் பிடிக்கப் புதிதாகப் போகிறவர்களுக்கு

டல்லாஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் லேக் ஃபோர்க். 1980-இல் தண்ணீர் தேக்கிய ஏரி. பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன, பாஸ் பதுங்குவது அங்கேதான். டெக்சாஸின் லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாய் கொண்ட பாஸ் வகை) சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992-இல் இங்கேதான் மாட்டியது. நான் பிடித்தது இரண்டரை பவுண்டு. அதற்கு முன்னால் ஐந்தைக் கோட்டைவிட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

1. கிளம்பும் முன்

படகு, தூண்டில் கோல், இரை எல்லாம் பெரும்பாலும் கைடே (காசுக்குப் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்கக் காட்டுபவர்) கொண்டுவருவார். மீன்பிடி லைசென்ஸ் உங்கள் பொறுப்பு. ஒரு நாளுக்கு மட்டுமே கூட எடுக்கலாம். தண்ணீரின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். வாழைப்பழம் வேண்டாம்! படகில் அது இருந்தால் மீன் கடிக்காது என்பது அங்கே பழைய நம்பிக்கை. நான் டிபன் பையிலிருந்து இரண்டு பழத்தை எடுத்ததும் கைடு முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே.

2. ரீல்

ரீல் என்பது கோலில் தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை. பேய்ட்காஸ்டர் (நரம்பு ஓடுவதைக் கட்டைவிரலால் அடக்க வேண்டிய ரீல்) கொடுத்தால் வெட்கப்படாமல் ஸ்பின்னிங் ரீல் கேளுங்கள், அதில் அந்தத் தொல்லை இல்லை. பேய்ட்காஸ்டரில் கட்டைவிரல் கொஞ்சம் தப்பினாலும் நரம்பு குருவிக்கூடாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய நாளில் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

3. டெக்சாஸ் ரிக்

இது இரையைக் கட்டும் ஒரு முறை: கூம்பு வடிவ ஈயம், அதற்குக் கீழே தூண்டில் முள், முள்ளில் பிளாஸ்டிக் புழு. முள்ளின் நுனியை மறுபடி புழுவுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். கிளைகளுக்கு நடுவே போட்டாலும் அவ்வளவாக மாட்டாது. தரை தட்டும்வரை விட்டு, கோலை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்.

4. வெட்டி இழுப்பது

நான் தவறியது இங்கேதான். ஊர் வாய்க்காலில் தக்கை முங்கியதும் சுண்டிப் பழகிய கை. இங்கே தக்கை கிடையாது. நரம்பில் ‘டக் டக்’ என்று ஒரு தட்டு வரும், அவ்வளவுதான். கிளையில் உரசினால் சொரசொரவென்று இழுக்கும். மீன் தட்டினால் சுருக்கென்று இருக்கும். சில நேரம் தட்டே வராமல் நரம்பு மட்டும் ஒரு பக்கமாக நகரும்.

தட்டியதும் நான் சுண்டினேன். நரம்பு தொய்ந்திருந்ததால் என் வேகமெல்லாம் அந்தத் தொய்விலேயே போய்விட்டது. முள் முதலில் புழுவைக் கிழித்து வெளியே வந்து, அப்புறம்தான் மீன் வாயில் இறங்க வேண்டும். மீனோ புழுவைத் துப்பிவிட்டுப் போயே போய்விட்டது.

சரியான முறை: தட்டியதும் கோல் நுனியை மீன் பக்கம் தாழ்த்துங்கள். சுற்றித் தொய்வை எடுங்கள். நரம்பு விறைத்ததும் இரண்டு கையாலும் ஓங்கி மேலே இழுங்கள். ஆறாவது மீன் இப்படித்தான் வந்தது.

5. கையில் எடுப்பது

கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடியுங்கள். பல் உப்புத்தாள் மாதிரிதான், வெட்டாது. பெரிய மீன் என்றால் வயிற்றுக்கடியில் இன்னொரு கை கொடுங்கள்.

பின்சேர்க்கை: இந்த ஏரியில் 16 அங்குலத்துக்கு மேல், 24-க்குள் இருக்கும் பாஸை விட்டுவிட வேண்டும். எப்படி அளப்பது என்று இருவர் கேட்டிருந்தார்கள். வாயை மூடி, மீனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வால் துடுப்பைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். வால் விரிந்திருந்தால் அளவு குறைவாகக் காட்டும். வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று நினைத்த மீன் அபராதத்தில் கொண்டுபோய் விடும். கைடுக்கு டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம் வழக்கம், ரொக்கமாக வைத்திருங்கள்.