உவர் ஏறிய தோட்டத்தை மீட்க

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், உப்பாறு என்ற கடல்நீரேரிப் பக்கமாக எங்களுக்கு இரண்டு பரப்புத் தோட்டம் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு). ஒரு கோடையில் வெங்காயத்துக்கு இரவு பகலாக மோட்டார் போட்டு இறைத்தோம். கிணறு உவர்த்தது, மண்ணில் வெள்ளை பூத்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் இடுக்கில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உப்பு மேலே வரும்.

ஆவணியிலேயே வரம்பை ஒரு சாண் உயர்த்துங்கள். மாரி மழை வெளியே ஓடாமல் நின்று இறங்கினால்தான் உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். மழைக்கு முன்பே வாய்க்கால் போல வெட்டி, பனையோலையைத் துண்டாக்கி மண்ணுக்குள் தாழ்த்துங்கள். அப்பு காலத்து வழக்கம் இது. மெதுவாகத்தான் உக்கும், அதுதான் நல்லது: மண் இறுகாது, தண்ணீர் இறங்க வழி இருக்கும்.

தை பிறந்ததும் பசளைக்காகச் சணல் (சணப்பை) விதையுங்கள். பூக்கும்போதே பச்சையாக உழுதுவிட வேண்டும். காய்க்க விட்டால் தண்டு நாராகிவிடும்.

சரி, உதவிக்கு யார்? மண் பாதுகாப்புச் சட்டம் 1951 முதல் இருக்கிறது. பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை 1998இல் ஏற்றது. மலைநாட்டு மண்ணரிப்புப் போல எங்கள் உவரும் நிலச் சிதைவுதான். ஆகவே தயங்காமல் விவசாயப் போதனாசிரியரிடம் போய், மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

சணல் முளைக்காத திட்டுகளில் அடையாளத்துக்குக் குச்சி நட்டு வையுங்கள். அடுத்த ஆவணியில் வேலை அங்கேதான் தொடங்கும்.